காத்திருக்கும் அழைப்புக்கு ஓர் எண்

கார்த்திகை பிறந்து மாலையிடுதல் தொடங்கிய நாள்முதல் தைப் பிறப்பில் மகரவிளக்கு முடியும்வரை, சபரிமலைக்குப் போகிறவர்களும் அங்கிருந்து திரும்புகிறவர்களுமாக யாத்திரிகர் கூட்டம் கன்னியாகுமரிக் கடற்கரையை நிறைத்துக்கொண்டிருக்கும் அந்த இரண்டு மாத காலத்தில், அவ்வூர் விடுதிகளின் வரவேற்பு மேஜையிலுள்ள தொலைபேசிக்கு ஓய்வு என்பது கிடையாது. கைபேசி எல்லார் கையிலும் இருக்கும் இந்நாளில் மேஜைத் தொலைபேசி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. சிப்பந்தி மாறினாலும் ஸ்தாபனத்தின் எண் மாறாதிருக்க வேண்டும் என்ற ஒரே காரணம் போதும். விடுதி, ஆஸ்பத்திரி, கல்லூரி, ஜவுளிக்கடை என்று பல பேர் வேலை செய்யும் இடங்களில் 04652 என்று தொடங்கும் எண்கள் இன்னும் ஒலித்துக்கொண்டுதான் இருக்கின்றன.

ஐம்பது பேருக்கு அறை வேண்டுமென்று கோயம்புத்தூரிலிருந்து ஒரு குருசாமி அப்படிப்பட்ட விடுதி ஒன்றை அழைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வாடகையில் சலுகை சொல்லும் அதிகாரம் மேலாளருக்குத்தான் உண்டு. அவரோ மோட்டார் ஓடியும் தண்ணீர் ஏறாத காரணத்தைக் கண்டறிய மொட்டை மாடிக்குப் போயிருக்கிறார். கீழே இருக்கும் பையன் ‘ஹோல்டு’ விசையை அமுக்கினால் குருசாமி சங்கீதம் கேட்டுக்கொண்டிருப்பார் என்பது வாஸ்தவம். ஆனால் அவரை மறுபடி பேச்சுக்கு எடுக்க அந்த ஒரு கருவியால்தான் முடியும், ஆகவே மேலாளர் மூன்று மாடி இறங்கி வர வேண்டும். அழைப்பை அவருடைய அறைக்கு மாற்றிவிட்டாலோ, ஆளில்லாத அறையில் மணி அடித்து ஓயும். மாடியிலிருந்து அவர் எந்தத் தளத்துக்கு வருவார், எந்தத் தொலைபேசி அவருக்கு அருகில் இருக்கும் என்பது பையனுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லாமல் செய்வதுதான் ‘கால் பார்க்கிங்’ என்னும் ஏற்பாடு.

சுசீந்திரம் கோயில் வாசலில் செருப்பைக் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொள்வது போன்ற காரியம் இது. அழைப்பு எந்த மேஜைக்கும் சொந்தமாகாமல், கட்டடத்தின் பொதுத் தொலைபேசி யந்திரத்தில் ஓர் இடத்தில் இருத்தப்படுகிறது. அந்த இடத்துக்கு ஓர் எண் கிடைக்கிறது. அதை எந்த உள் தொலைபேசியில் அழுத்தினாலும் சம்பாஷணை அங்கே வந்துவிடுகிறது. ‘அண்ணாச்சி, கோயம்புத்தூரு பார்ட்டி எழுநூத்தி ஒண்ணுல இருக்காரு, எடுத்துக்கிடுங்க’ என்று பையன் ஒரு குரல் கொடுத்தால், மேலாளர் மூன்றாம் தளத்துத் தாழ்வாரத்துத் தொலைபேசியிலேயே 701 அழுத்திப் பேசிவிடலாம். குரல் கொடுக்க வேண்டும் என்பதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், யந்திரம் எண்ணைக் கொடுக்குமேயன்றி, உரியவரைத் தேடிப்போய்ச் சொல்லாது. ஒலிபெருக்கியோ கைபேசியோ ஓடிப்போகும் ஆளோ, ஏதாவது ஒன்று அந்த விடுதியில் முன்னமே நிச்சயிக்கப்பட்டிருக்க வேண்டும்.

அந்த 701 என்ற எண்ணை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. அமெரிக்காவில் மார்க் ஸ்பென்சர் என்ற இளைஞர் 1999-ஆம் ஆண்டு எழுதத் தொடங்கி, யாரும் இலவசமாக உபயோகிக்கும்படி வெளியிட்ட ‘ஆஸ்டெரிஸ்க்’ என்னும் மென்பொருளே இன்று பல தொலைபேசிப் பெட்டிகளுக்குள் இருந்து வேலை செய்கிறது. அதன் மாதிரி அமைப்பில் அழைப்பைக் கொண்டுவிடுவதற்கான எண் 700, இருத்தும் இடங்கள் 701 முதல் 720 வரை. டிரான்ஸ்ஃபர் விசையை அமுக்கி 700 அழுத்தினால், கிடைத்த இடத்தின் எண்ணை யந்திரம் பேசிக் காட்டும். அதைக் கேட்டு முடித்த பிறகே டிரான்ஸ்ஃபரைப் பூர்த்தி செய்ய வேண்டும். அவசரக்காரர்கள் எண்ணைக் கேட்குமுன்பே ரிசீவரை வைத்துவிட்டு, பிறகு ஒவ்வோர் எண்ணாக அழுத்தித் தேடிக்கொண்டிருப்பார்கள். இந்தத் தொல்லைக்குப் பரிகாரம், தொலைபேசியின் ஓரத்திலுள்ள விளக்கு விசைகளில் இரண்டு மூன்றை இவ்விடங்களுக்கென்று ஒதுக்கிவிடுவது; அழைப்பு இருக்குமிடத்தில் விளக்கு எரியும், விசையை அமுக்கினால் பேச்சு கிடைக்கும்.

விடுதிகளில் அறை எண்ணையே அந்த அறையின் தொலைபேசி எண்ணாகவும் வைப்பது வழக்கமாதலால், ஏழாவது மாடி உள்ள கட்டடத்தில் 701 என்பது ஏற்கெனவே ஓர் அறையாக இருக்கும். ஆகவே அமைப்பவர் உள் எண்கள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்து, எதனோடும் மோதாத வரிசையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இருபது இடங்களும் வேண்டியதில்லை. சாதாரண விடுதிக்கு நான்கு ஏராளம். விருந்தினர் அறைத் தொலைபேசிகளுக்கு இவ்வெண்களை அழைக்கும் உரிமை கொடுக்கலாகாது. கொடுத்தால் குருசாமியின் பேரத்தை எந்த அறையிலிருந்தும் எவரும் எடுத்துக் கேட்கலாம். ஆஸ்பத்திரிகளில் இந்த நிபந்தனை இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

எல்லாவற்றிலும் முக்கியமானதாக எனக்குத் தோன்றுவதும், அமைப்பவர்கள் பெரும்பாலும் தொடாமலே விட்டுவிடுவதும், கால அளவு. அழைப்பை யாரும் எடுக்காவிட்டால் எத்தனை நேரம் கழித்து அது திரும்ப வேண்டும் என்பது ஆஸ்டெரிஸ்கில் 45 விநாடி. சிஸ்கோ நிறுவனத்தின் சாதனங்களில் 60 விநாடி. ஒரே அறையில் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் காரியாலயத்துக்கு இது சரி. மொட்டை மாடியிலிருந்து ஒருவர் கை கழுவிவிட்டு இறங்கி வரும் கட்டடத்துக்கு இரண்டு நிமிஷமாவது வேண்டும். ஐந்து நிமிஷம் என்று தாராளமாக வைப்பதும் எனக்குச் சம்மதமில்லை. விடுதியின் விளம்பரத்தைப் பத்தாம் முறை கேட்கும் குருசாமி அடுத்த விடுதியை அழைத்துவிடுவார். அது மட்டுமல்ல, காத்திருக்கும் அழைப்பு வெளித்தொடர்பு ஒன்றைப் பிடித்துக்கொண்டே இருக்கிறது. இரண்டே தொடர்புள்ள விடுதியில் இரண்டு அழைப்புகளை இருத்திவிட்டால், மூன்றாவதாக அழைப்பவருக்கு எங்கேஜ்டு சத்தம்தான் கிடைக்கும்.

கால அளவு முடிந்ததும் அழைப்பு எங்கே திரும்பும் என்பதையும் அமைப்பவர்தான் நிர்ணயிக்கிறார். இருத்தியவருக்கே திரும்புவது பொது வழக்கம். அவர் வேறு பேச்சில் இருந்தால் பக்கத்து மேஜையிலும் ஒலிக்கும்படி செய்துவைப்பது உத்தமம். சீசன் தொடங்குமுன் ஒரு மத்தியான வேளையில், வெளியிலிருந்து கைபேசியில் அழைத்து, அதை 701-இல் இருத்தி, யாரையும் எடுக்கவிடாமல் இரண்டு நிமிஷம் பொறுத்துப் பார்க்க வேண்டும். வரவேற்பு மேஜையில் மணி அடித்தால் வேலை முடிந்தது. பூட்டிய கணக்கரறைக்குள் அடித்தால், அமைத்தவரை அன்றைக்கே திரும்ப அழைப்பது நல்லது.