பாட்டு பாதியில் நின்றால்...

தீபாவளிக்கு முதல் நாள். கிள்ளானில் உள்ள உங்கள் வீட்டில் காலையிலிருந்தே பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. மதியம் சட்டென்று நின்றுவிடுகிறது. ஆம்ப்ளிஃபையர் மேல் கை வைத்தால் சுடுகிறது. அரை மணி நேரம் கழித்து மறுபடியும் பாடுகிறது. பிறகு மறுபடியும் நிற்கிறது. "பழசாகிவிட்டது, புதிதாக வாங்கிவிடலாம்" என்கிறார் அப்பா.

கொஞ்சம் பொறுங்கள், மாணவர்களே! அது கெட்டுப்போகாமலும் இருக்கலாம். சூடு எல்லை மீறினால் மின்சுற்றை நிறுத்தும் பாதுகாப்பு ஏற்பாடு பல ஆம்ப்ளிஃபையர்களில் உண்டு.

சூடு எங்கிருந்து வருகிறது?

ஓர் ஆம்ப்ளிஃபையர் 100 வாட் மின்திறனை எடுத்து, 60 வாட்டை ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 40 வாட் வெப்பமாகிறது. வீடுகளில் பரவலாக உள்ள 'ஏபி' வகையின் செயல்திறன் கணக்குப்படியே ஏறத்தாழ 78.5 விழுக்காட்டைத் தாண்டாது. 'டி' வகை 90 விழுக்காட்டை எட்டும்; அதனால் குறைவாகச் சுடும்.

இந்த வெப்பம் டிரான்சிஸ்டரிலிருந்து 'ஹீட் சிங்க்' என்னும் அலுமினியத் தகடுகளுக்குக் கடத்தல் மூலம் செல்கிறது. அங்கிருந்து பெரும்பகுதி சலனம் மூலம் காற்றில் கலக்கிறது. ஹீட் சிங்க் சுற்றியுள்ள காற்றைவிட 40 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடாகும் என்றால், 20 டிகிரி குளிரறையில் அது 60 டிகிரி. நம் ஊரின் 33 டிகிரி மதியத்தில் 73. மூடிய அலமாரிக்குள் இன்னும் மேலே!

துப்பறிவோம்

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே ஒலி அளவில் பாடவிட்டு, எத்தனை நிமிடத்தில் நிற்கிறது என்று குறித்துவையுங்கள்.

முதலில் காற்று. மேலே டிகோடரோ துணி விரிப்போ இருந்தால் எடுத்துவிட்டு, சுற்றிலும் ஒரு சாண் இடம் விடுங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, காற்றுத் துளைகளில் படிந்த தூசியை மென்மையான தூரிகையால் துடையுங்கள்.

அடுத்து ஸ்பீக்கர். பிரிக்பீல்ட்ஸ் கடைவாசலில் ஒலிப்பதுபோல் ஒலிக்க வேண்டும் என்று கூடுதல் ஸ்பீக்கர்களை இணைத்திருக்கிறீர்களா? 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டைப் பக்க இணைப்பில் கொடுத்தால் மொத்தத் தடை 4 ஓம்தான். ஓம் விதிப்படி, 20 வோல்ட்டில் 2.5 ஆம்பியராக இருந்த மின்னோட்டம் 5 ஆம்பியராக இரட்டிக்கும். பின்பக்கத்தில் அச்சிட்டுள்ள குறைந்தபட்ச ஓம் அளவைப் பாருங்கள். கம்பி முனைகள் ஒன்றையொன்று தொடுகின்றனவா என்றும் பாருங்கள்.

கடைசியாக, ஸ்பீக்கர்களைக் கழற்றி, ஒலியைப் பூஜ்ஜியத்தில் வைத்தும் கொதிக்கிறதா? அப்படியானால் உள்ளே கோளாறு இருக்கலாம். அது பழுதுபார்ப்பவர் வேலை.

எச்சரிக்கை: மூடியை நீங்கள் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பின்னும் மின்தேக்கியில் மின்னூட்டம் தங்கியிருக்கும்; தொட்டால் ஆபத்து. கருகிய வாடை வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டித்து, பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

சூட்டைக் கண்டும் காணாமல் விடாதீர்கள். வெப்பம் 10 டிகிரி கூடினால் மின்பகுளி மின்தேக்கியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது மின்னணுத் துறையினர் கைக்கொள்ளும் கணக்கு. பல வீடுகளில் அலமாரிக் கதவைத் திறந்துவைத்தாலே போதும். அதற்கு ஒரு சென்கூடச் செலவில்லை. அப்பாவிடம் உங்கள் குறிப்பேட்டைக் காட்டுங்கள். புதிதாக வாங்குவதா வேண்டாமா என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.