கருவி மௌனமாக இருந்தாலும் கேபிள் இருக்கலாம்

உங்கள் புளோக்கிற்கு அருகே சாலையைத் தோண்டும் வேலை நடந்தால், தடுப்புக்கு வெளியே நின்று தரையைக் கவனியுங்கள். சாயத்தில் கோடுகள் வரைந்திருப்பார்கள். கீழே மின்கேபிளோ எரிவாயுக் குழாயோ செல்லும் பாதை அது.

சிங்கப்பூரில் வீதியோரக் கம்பங்களில் மின்கம்பிகள் தொங்குவதைக் காண்பது அரிது. 22,000 வோல்ட் கேபிள்கள் முதல் 400,000 வோல்ட் கேபிள்கள் வரை நிலத்தடியில்தான் செல்கின்றன. எக்ஸ்கவேட்டர் வாளியின் பற்களோ எஃகு. ஓட்டுநர் நெம்புகோலை லேசாக அசைக்கிறார். வாளியைத் தள்ளுவது எண்ணெயின் அழுத்தம். பல் இடித்தது களிமண்ணையா, கேபிளையா என்பது அவர் கைக்குத் தெரியாது. தெரியும்போது தீப்பொறி பறந்து, அக்கம்பக்கம் இருண்டிருக்கும். உயர் அழுத்தக் கேபிளைச் சேதப்படுத்தினால் 1 மில்லியன் வெள்ளி வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். இயந்திரத்தை ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது. நிலத்தடிக் கேபிள்கள் பற்றிய பயிற்சியும் வேண்டும் என்பது இதனால்தான்.

தோண்டுவதற்கு முன் கேபிள் வரைபடத்தைப் பெற வேண்டும். ஆனால் வரைபடத்தை மட்டும் நம்ப முடியாது. கேபிள் புதைத்த பிறகு சாலையை அகலப்படுத்தியிருந்தால், ஓரத்திலிருந்து அளந்த தூரம் பொருந்தாது. அதனால் உரிமம் பெற்ற கேபிள் கண்டறியும் ஊழியர் கருவியோடு வருகிறார்.

அந்தக் கருவிக்குள் இருப்பது நீங்கள் மின்காந்தவியல் பாடத்தில் படிக்கும் கம்பிச்சுருள்தான். கேபிளில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்னோட்டம் தன்னைச் சுற்றி மாறும் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அந்தப் புலம் சுருளில் சிறு மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. சுருளைக் கிடையாகப் பிடித்துக் குறுக்கே நடந்தால், கேபிளுக்கு நேர் மேலே ஒலி உச்சமடையும்.

ஒலியே வரவில்லையென்றால்? வகுப்பில் கேட்டால் பாதிப் பேர், "கேபிள் இல்லை, சார்" என்பார்கள். மின்னழுத்தம் வேறு, மின்னோட்டம் வேறு. யாரும் மின்சாரம் எடுக்காத நேரத்தில் கேபிளில் 22,000 வோல்ட் இருந்தாலும் மின்னோட்டம் மிகக் குறைவு, காந்தப்புலமும் அப்படியே. இன்னொன்று, மூன்று கட்டக் கேபிளில் மூன்று மின்னோட்டங்களின் புலங்களும் ஒன்றையொன்று பெரும்பாலும் அழித்துவிடும். இதைச் சமாளிக்க, வேறோர் அதிர்வெண்ணில் சமிக்ஞையைக் கேபிளுக்குள் செலுத்தித் தேடுவார்கள். பாலிஎத்திலீன் எரிவாயுக் குழாய்க்கு அதுவும் உதவாது. பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தாதே!

கடைசியில் கைகொடுப்பது மண்வெட்டிதான். குறித்த இடத்தில் ஊழியர்கள் கையாலேயே சோதனைக் குழி தோண்டி, கேபிளைக் கண்ணால் பார்த்து, அதன் ஆழத்தை அளக்கிறார்கள். அதுவரை எக்ஸ்கவேட்டர் காத்திருக்க வேண்டும். பிறகு தோண்டும்போதும் ஒருவர் அருகில் நின்று குழியையே பார்த்துக்கொண்டிருப்பார். கேபிளுக்கு மேல் பதித்த பாதுகாப்புப் பலகை கண்ணில் பட்டால் உடனே கையை உயர்த்துவார்; ஓட்டுநர் வாளியை அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும்.