வீட்டைத் தொடரும் வரி

வீட்டுக் கடனின் மாதத் தவணையைத் தவறாது செலுத்தி வரும் வாடிக்கையாளர் சிலர், சொத்து வரி நிலுவை அறிவிப்பு வீடு தேடி வரும்போது திகைத்துப் போவதை நாங்கள் கிளைகளில் காண்கிறோம். தவணையில் சொத்து வரி அடங்குவதில்லை. அதனை உள்ளாட்சி அமைப்புக்கு வீட்டு உரிமையாளரே தனியாகச் செலுத்த வேண்டும்.

வரி விதிக்கும் அதிகாரத்தை மாநகராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் வழங்குபவை மாநிலச் சட்டமன்றங்கள். ஆதலால் கணக்கிடும் முறை நகரத்திற்கு நகரம் வேறுபடுகிறது. ஹைதராபாத்தில் குடியிருப்புகளுக்கு, அந்த வீடு ஈட்டக்கூடிய வாடகை மதிப்பே அடிப்படை. தில்லியில் 2004 முதல் அலகுப் பரப்பு முறை நடைமுறையில் உள்ளது. குடியிருப்புப் பகுதிகள் எட்டு வகைகளாகப் பிரிக்கப்பட்டு, ஒரு சதுர மீட்டருக்குரிய மதிப்பு நிர்ணயிக்கப்பட்டுள்ளது. அதனுடன் கட்டடத்தின் பரப்பு, வயது, பயன்பாடு ஆகியவை சேர்த்துக் கணக்கிடப்படுகின்றன. மும்பையில் 2010 முதல் சொத்தின் மூலதன மதிப்பே அளவுகோல்.

முறை எதுவாயினும், அறிவிப்பு கிடைத்தவுடன் மூன்று விவரங்களைச் சரிபார்த்தல் நலம்: கட்டடப் பரப்பு, கட்டப்பட்ட ஆண்டு, பயன்பாடு. குடியிருப்பு, வணிகக் கட்டடமாகப் பதிவாகியிருந்தால் வரி கூடிவிடும். பிழை இருப்பின், அறிவிப்பில் குறிப்பிட்டுள்ள காலத்திற்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். பெங்களூரு போன்று உரிமையாளரே கணக்கிட்டு அறிவிக்கும் நகரங்களில், பரப்பைக் குறைத்துக் காட்டினால் பின்னர் அபராதம் சேரும்.

தாமதத்தின் விலையும் பெரிது. ஹைதராபாத்தில் நிலுவைக்கு மாதம் 2 விழுக்காடு வட்டி; ஆண்டுக்கு 24 விழுக்காடு! வீட்டுக் கடன் வட்டியைவிட இது மிக அதிகம். மாறாக, உரிய காலத்திற்கு முன்னரே செலுத்துவோருக்குப் பல நகரங்கள் தள்ளுபடி அளிக்கின்றன.

பழைய வீட்டை வாங்குவோர் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். பல மாநிலச் சட்டங்களின்படி, வரி நிலுவை அந்தச் சொத்தின் மீதே பொறுப்பாக நிற்கும். விற்றவர் செலுத்தாத தொகையை வாங்கியவரிடம் கேட்கும் நிலை இதனால் உண்டாகிறது. வில்லங்கச் சான்றிதழ் பதிவான ஆவணங்களையே காட்டும். வரி நிலுவையை அதில் காண இயலாது. எனவே கிரயத்திற்கு முன்பு அண்மைக் கால ரசீதையும், நிலுவை இல்லை என்னும் சான்றையும் விற்பவரிடம் கேட்டுப் பெறுங்கள்.

பத்திரப் பதிவோடு பணி முடிந்துவிடுவதில்லை. உள்ளாட்சிப் பதிவேட்டில் பெயர் மாற்றம் ஆகியுள்ளதா என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும்; ஆகாவிடில் அறிவிப்புகள் பழைய உரிமையாளர் பெயரிலேயே சென்றுகொண்டிருக்கும். அதே வேளையில், வரி ரசீது மட்டுமே உரிமைக்குச் சான்றாகாது என்பதையும் நினைவில் கொள்க. உரிமையை நிலைநாட்டுவது பத்திரமே.

வீட்டை வாடகைக்கு விட்டிருப்போருக்கு ஒரு பயனும் உண்டு. அந்த நிதியாண்டில் உரிமையாளரே செலுத்திய சொத்து வரியை, வருமான வரிக் கணக்கில் வாடகையிலிருந்து கழித்துக்கொள்ளலாம். ஆண்டு வாடகை 2,40,000 ரூபாய், செலுத்திய சொத்து வரி 12,000 ரூபாய் எனில், எஞ்சுவது 2,28,000 ரூபாய். அதில் 30 விழுக்காடான 68,400 ரூபாய் நிலைக்கழிவு போக, வீட்டுக் கடன் வட்டியைக் கழிப்பதற்கு முன் வருமானம் 1,59,600 ரூபாய். செலுத்தாத நிலுவைக்கோ, வாடகைதாரர் செலுத்திய வரிக்கோ இக்கழிவு கிடையாது.

இணையம் வழியே செலுத்துவோர், குறுஞ்செய்தியில் வரும் இணைப்புகளைத் தொடாமல், உள்ளாட்சி அமைப்பின் அதிகாரப்பூர்வத் தளத்திற்கு நேரடியாகச் செல்லுதல் பாதுகாப்பானது. மதிப்பீட்டு எண்ணையும் பெயரையும் ஒப்பிட்டபின் பணம் செலுத்துங்கள். ரசீதுகளை ஆண்டு வாரியாக வீட்டுப் பத்திரங்களுடன் சேர்த்து வையுங்கள். வீட்டை விற்கும் நாளிலும், அடமானக் கடன் கோரும் நாளிலும், பிள்ளைகளிடம் ஒப்படைக்கும் நாளிலும் முதலில் கேட்கப்படும் தாள்களுள் அதுவும் ஒன்று.