பார்க்காமல் போகலாமா?

மயிலாப்பூரில் சிவநேசர் என்ற வணிகரின் மகள் பூம்பாவை பாம்பு தீண்டி இறந்தாள். அவளுடைய சாம்பலைக் குடத்தில் இட்டுக் காத்திருந்த தந்தையின் முன்னால் திருஞானசம்பந்தர் பதிகம் பாடி அவளை எழுப்பினார் என்கிறது பெரியபுராணம். அற்புதத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் ஏழாம் நூற்றாண்டில் பாடப்பட்ட அந்தப் பதிகத்தை ஓர் ஊரின் நாட்காட்டியாகவும் படிக்கலாம். அடியார்களுக்கு அமுது படைக்கும் காட்சியில் தொடங்கி ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, ஆதிரை நாள், தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று மயிலையின் விழாக்கள் வரிசையாக வருகின்றன. ஒவ்வொரு விழாவையும் சொல்லி, இதைப் பார்க்காமலே போய்விடுவாயா என்று அந்தப் பெண்ணிடம் கேட்கிறார் சம்பந்தர். மாண்டவளைத் திரும்ப அழைக்க அவர் எடுத்துச் சொன்னது ஊர் கூடிக் கொண்டாடும் விழாக்களைத்தான். அவற்றைக் காண யாரும் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் கழித்து, சென்னை என்ற பெருநகரில் குடியிருக்கும் நம்மிடமும் கேட்க வேண்டிய கேள்வி அது.

ஏனென்றால், சென்னையில் வாழ்வது செலவு பிடிக்கும் காரியம் என்று நாம் ஓயாமல் சொல்கிறோம். வாடகை, பள்ளிக் கட்டணம், ஆட்டோ, மருத்துவம் எல்லாவற்றையும் பார்த்தால் அது உண்மைதான். அந்தக் கணக்கிலேயே பொழுதுபோக்கையும் சேர்த்துவிடுகிறோம். ஒரு குடும்பம் ஞாயிற்றுக்கிழமை வெளியே கிளம்பினால் மால், சினிமா, பாப்கார்ன், ஓட்டல் என்று ஆயிரங்கள் கரைகின்றன. ஆனால் இந்த நகரம் தன் சிறந்த பொருள்களில் பலவற்றை இலவசமாகவே வைத்திருக்கிறது. அவற்றைப் பெறத் தேவைப்படுவது, எந்த மாதத்தில் எங்கே போக வேண்டும் என்ற அறிவு. மாலுக்குள் ஆடியும் ஒன்றுதான், மார்கழியும் ஒன்றுதான். ஆண்டு முழுவதும் அதே குளிர், அதே வெளிச்சம். இலவசமான சென்னையோ பருவத்தோடு திறந்து பருவத்தோடு மூடிக்கொள்வது. அந்தத் திறப்பு நாள்களைத் தெரிந்துகொண்டு போய் நிற்பவருக்குத்தான் இந்த ஊர் சொந்த ஊராகிறது. மற்றவர்களுக்கு இது வேலை பார்க்கும் இடம், அவ்வளவே.

இந்த நாட்காட்டியை எழுதியது வானிலை. ஆடியில் அம்மன் கோயில் வாசல்களில், முக்கியமாக வடசென்னைத் தெருக்களில், பெரிய அண்டாக்களில் கேழ்வரகுக் கூழ் காய்ச்சி வருகிறவர்களுக்கெல்லாம் வார்க்கிறார்கள். வெயில் முழுதாகத் தணியாத நாள்களில் வயிற்றைக் குளிரவைக்கும் உணவு அது. தொட்டுக்கொள்ள வெங்காயமும் முருங்கைக்கீரையும், சில தெருக்களில் கருவாட்டுக் குழம்பும் உண்டு. ஐப்பசியும் கார்த்திகையும் வடகிழக்குப் பருவமழைக்கு உரியவை. சென்னையின் ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. மழை ஓயும் மார்கழியில் காற்று குளிர்கிறது, வியர்க்காமல் நடக்க முடிகிறது. பாட்டும் கோலமும் பறவை பார்ப்பதும் அப்போது குவிவது இதனால்தான். நிரம்பிய பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு வலசைப் பறவைகள் வந்து சேர்கின்றன. துரைப்பாக்கம் – பல்லாவரம் சாலையோரத்தில் நின்றே பூநாரைகளைப் பார்க்கலாம். சித்திரை, வைகாசியில் பகலெல்லாம் கொதித்த தரையை நோக்கிக் கடலிலிருந்து காற்று வீசத் தொடங்கும்போது, மெரினா மணலைவிட நல்ல இடம் ஊரில் வேறு எது?

சும்மா கிடைப்பது சுமாராகத்தான் இருக்கும் என்பது முதலில் எழும் மறுப்பு. மார்கழி இசை விழாவைக் கூர்ந்து பார்த்தால் இது நிற்காது. 1927 டிசம்பரில் காங்கிரஸ் மாநாட்டோடு சேர்த்துச் சென்னையில் நடந்த இசை மாநாடு, அதிலிருந்து 1928இல் பிறந்த மியூசிக் அகாடமி என்று வளர்ந்த விழா இது; 2017இல் யுனெஸ்கோ தன் படைப்பாக்க நகரங்களின் பட்டியலில் இசைக்காகச் சென்னையைச் சேர்த்தது. இந்த விழாவில் டிக்கெட்டுக்கு அலைமோதுவது மாலைக் கச்சேரிகளுக்குத்தான். பல சபாக்களில் நண்பகல், பிற்பகல் கச்சேரிகளுக்குக் கட்டணம் இல்லை. அங்கே பாடுகிறவர்கள் இளையவர்கள். தங்களை நிலைநாட்டிக்கொள்ள அவர்களுக்குக் கிடைத்திருக்கும் ஒன்றரை மணி நேரத்தில், ஆண்டு முழுவதும் சாதகம் செய்ததைக் கொட்டிவிடுகிறார்கள். விஷயம் தெரிந்த ரசிகர்கள் மதிய வேளையில் முன்வரிசையில் தாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது இதனால்தான்; நாளைய பெயர்களை அவர்கள் இன்றே கேட்டுவிடுகிறார்கள். மியூசிக் அகாடமியின் காலை நேர விளக்க உரைகளுக்கும் கட்டணம் கிடையாது. ஒரு ராகத்தின் வரலாற்றை வித்வானே பாடிக் காட்டி விளக்கும் அந்த ஒரு மணி நேரத்துக்கு இணையான வகுப்பைப் பணம் கொடுத்தாலும் எளிதில் வாங்க முடியாது. இன்னும் முன்னதாக, விடியலில், மயிலாப்பூர் மாட வீதிகளில் பஜனை கோஷ்டி வலம்வருகிறது. பாபநாசம் சிவன் முன்னின்று நடத்திய பஜனையின் நினைவு அந்த வீதிகளில் இன்னும் இருக்கிறது.

பணத்தால் வாங்க முடியாத இன்னொன்று, தை பிறந்த பிறகு கடற்கரையில் நடக்கிறது. ஆலிவ் ரிட்லி என்று உலகம் அழைக்கும் கடலாமைக்கு நம் கரையோர மக்கள் வைத்த பெயர் பங்குனி ஆமை. பெயரிலேயே பருவம் இருக்கிறது. ஜனவரி முதல் சில மாதங்கள் பெண் ஆமைகள் இரவில் சென்னைக் கரையேறி, மணலில் குழி பறித்து நூறுக்கும் மேற்பட்ட முட்டைகளை இட்டு, மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்புகின்றன. 1988 முதல் மாணவர்களின் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையிலான கரையில் இரவு நடை போகிறது. வார இறுதி இரவுகளில் பொதுமக்களையும் அழைத்துப்போகிறது. டார்ச் அடிக்கக் கூடாது, சத்தம் கூடாது. நிலவொளியில் ஈர மணலில் டிராக்டர் சக்கரம் பதிந்ததுபோல் ஒரு தடம் தெரியும். தடம் முடியுமிடத்தில் தன்னார்வலர் ஒரு கம்பியை மெல்ல மணலில் இறக்கி, மண் இளகியிருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கிறார். பிறகு கையாலேயே தோண்டி, பிங்பாங் பந்துபோன்ற முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோகிறார்கள். ஏறக்குறைய ஒன்றரை மாதம் கழித்துக் குஞ்சுகள் வெளிவருகின்றன. கடலின் மேலே தெரியும் மெல்லிய வெளிச்சத்தை நோக்கித் தவழ்வது அவற்றின் இயல்பு. கரையிலுள்ள தெருவிளக்குகள் அதைவிடப் பிரகாசமாக இருப்பதால் பல குஞ்சுகள் திசை மாறிச் சாலைப் பக்கம் போய்ச் சாகின்றன. இதை நேரில் பார்த்த சிறுவனுக்குக் கடற்கரை விளக்கை ஏன் அணைக்க வேண்டும் என்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

இலவசம் என்று ஒன்று கிடையாது, யாரோ ஒருவர் பணம் கொடுக்கிறார் என்பது அடுத்த மறுப்பு. இது சரியான பேச்சு. இதை ஒப்புக்கொண்டுதான் மேலே போக வேண்டும். மயிலாப்பூர்ப் பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாளைப் பாருங்கள். காலையில் பூம்பாவை உயிர்த்தெழுந்த நிகழ்ச்சியை நடத்திக் காட்டுகிறார்கள். மாலையில் கபாலீசுவரரோடு அறுபத்துமூன்று நாயன்மார்களும் பல்லக்குகளில் மாட வீதி வருகிறார்கள். அன்று வீதிகளில் அடிக்கு அடி தண்ணீர்ப் பந்தல். நீர்மோரும் பானகமும் சாப்பாடும் கை நீட்டுகிறவர்களுக்கெல்லாம் கிடைக்கும். தருகிறவர்கள் வணிகர்கள், தெருச் சங்கங்கள், தனிக் குடும்பங்கள். சம்பந்தர் தம் பதிகத்தை அன்னம் படைப்பதில் தொடங்கினாரே, அந்தப் பழக்கம் இன்னும் நின்றுபோகவில்லை. திருவல்லிக்கேணியில் 1795இல் கட்டப்பட்ட வாலாஜா பெரிய பள்ளிவாசலில் ரமலான் மாதத்து மாலைகளில் நோன்பு திறப்போருக்கு உணவு பரிமாறுகிறவர்களில், பிரிவினைக்குப் பின் சிந்துவிலிருந்து இங்கே வந்து குடியேறிய இந்துக்கள் அமைத்த சூஃபிதார் அமைப்பின் தொண்டர்கள் இருக்கிறார்கள். ஆக, இலவசம் என்பது கொடுப்பவர் பெயர் கேட்காமல் கொடுப்பது, பெறுபவர் கூச்சப்படாமல் பெறுவது. அந்தக் கொடையில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. பொது இடத்துக்கு வரிப்பணம் போகிறது, நிகழ்ச்சிக்குத் தன்னார்வலரின் உழைப்பு போகிறது. வருகிறவர் செலுத்த வேண்டியது, நேரத்துக்கு வருவதும் குப்பை போடாமல் திரும்புவதும், முடிந்தால் அடுத்த ஆண்டு ஒரு கை கொடுப்பதும்தான்.

நேரம் ஏது, கூட்டத்தில் யார் இடிபடுவது, அவ்வளவு தூரம் எப்படிப் போவது என்ற கேள்விகளை அலட்சியமாகத் தள்ளக் கூடாது. காணும் பொங்கலன்று மெரினாவில் கூடும் கூட்டத்தில் குழந்தைகள் தொலைந்துவிடாமல் இருக்க, பெற்றோரின் செல்பேசி எண் எழுதிய பட்டையைக் காவலர்கள் சிறுவர்களின் மணிக்கட்டில் கட்டிவிடுகிறார்கள். கடலில் இறங்காமல் தடுப்பும் போடுகிறார்கள். கூட்டத்துக்கு நிர்வாகம் இருக்கிறது என்பதற்கு அது அடையாளம். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அம்பத்தூரிலோ திருவொற்றியூரிலோ இருக்கும் ஒரு பெண் கடற்கரைக்கோ நூலகத்துக்கோ போய்வர வழிச்செலவு தடையாக இருந்த காலம் பெருமளவு மாறியிருக்கிறது. 2022 நவம்பரில் மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்காக அலை வரைக்கும் மரப்பாதை திறக்கப்பட்டது. அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சிதைத்தது. சீர்செய்து மீண்டும் திறந்தார்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர்களும் கடலருகே போகலாம் என்று ஆன பிறகு, பொது இடம் என்ற சொல்லுக்கே கூடுதல் பொருள் வந்தது. கூட்டம் ஒத்துவராதவர்களுக்கும் குறையில்லை. 1896இல் திறந்த கன்னிமாரா நூலகமும் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகமும் மழைக்கால மாலைக்கும் கோடை மதியத்துக்கும் நல்ல அடைக்கலம்.

மிகக் கடுமையான மறுப்பு வேறொன்று. கதவு திறந்திருந்தாலும் எல்லோரும் உள்ளே போய்விடுகிறார்களா? சபா வாசலில் டிக்கெட் கேட்பவர் இல்லாவிட்டாலும், இது நமக்கான இடம் இல்லை என்ற தயக்கம் பலரைத் தடுத்துவிடுகிறது. சாதியும் வர்க்கமும் எழுதி வைக்காத கட்டணம் வசூலிக்கின்றன. இதை மறைப்பதில் பயனில்லை. இதற்கு நகரமே சில விடைகளைத் தேடியிருக்கிறது. 2007இல் தொடங்கிய சென்னை சங்கமம் பறையாட்டத்தையும் கரகாட்டத்தையும் தெருக்கூத்தையும் பூங்காக்களுக்கும் கடற்கரைக்கும் கொண்டுவந்தது. இடையில் நின்று, 2023 பொங்கலின்போது அரசு விழாவாகத் திரும்பி வந்தது. 2015இல் பெசன்ட் நகரை அடுத்த ஊரூர் ஆல்காட் குப்பத்தில் தொடங்கிய விழாவில் மீனவர் வீடுகளுக்கு நடுவே கர்நாடக இசையும் பறையும் ஒரே மேடை ஏறின. குப்பத்துக்குள் அதுவரை கால் வைக்காதவர்களும் அங்கே மணலில் உட்கார்ந்து கேட்டார்கள். ஒரு விழாவால் ஏற்றத்தாழ்வு மறைந்துவிடாது. ஆனாலும் யார் யாருடைய இடத்துக்குப் போவது என்ற பழைய வழக்கத்தை அது திருப்பிப் போட்டது. தயக்கத்தை உடைக்கக் கட்டண நிகழ்ச்சியால் முடியாது. எல்லோரும் ஒரே தரையில் உட்காரும் இடத்தில்தான் அது தொடங்க முடியும்.

அத்தகைய தரை இருக்க வேண்டுமே! 1884இல் ஆளுநர் கிராண்ட் டஃப் மெரினாவில் உலாவும் பாதை அமைத்து அதற்குப் பெயரும் வைத்தபோது, கடலுக்கு முன்னால் ஒரு பெரிய வெளி பொதுவில் நின்றது. இன்று அதை ஒட்டிச் சுவர் எழுப்பத் துணிவார் இல்லை. பள்ளிக்கரணைக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. கட்டடங்களும் குப்பை மேடும் தின்று பல மடங்கு சுருங்கிய பிறகே, 2022இல் அது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. மக்கள் வழக்கமாகப் போய் நிற்கும் இடத்தைப் பறிப்பது கடினம். யாரும் எட்டிப் பார்க்காத இடம் சத்தமின்றிக் கைமாறிவிடும். ஆகவே ஒரு குடும்பம் பறவை பார்க்கப் போவதிலும் நூலகத்தில் உட்காருவதிலும் அந்த இடத்துக்கான காவலும் சேர்ந்திருக்கிறது. நகரம் பிறந்த நாளாகக் கருதப்படும் 1639 ஆகஸ்ட் 22ஐ நினைவுகூரும் சென்னை தினத்தை 2004இல் வரலாற்றாசிரியர் எஸ். முத்தையாவும் சில பத்திரிகையாளர்களும் தொடங்கினார்கள். நடைப்பயணம், பேச்சு, புகைப்படக் காட்சி என்று அவரவர் பேட்டையில் யார் வேண்டுமானாலும் ஒன்றை ஏற்பாடு செய்யலாம் என்று திறந்துவிட்டதால்தான் அது வளர்ந்தது. பழைய கட்டடத்தின் முன்னால் நின்று அதன் கதையைக் கேட்டவர், அதை இடிக்க வரும்போது ஏன் என்று கேட்பார்.

இதற்கெல்லாம் பெரிய ஏற்பாடு வேண்டாம். வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் தினசரிக் காலண்டரே போதும். பௌர்ணமியும் உத்திரமும் ரமலான் பிறையும் அதில் இருக்கின்றன. நாளிதழின் ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பகுதியும், சபாக்கள் கார்த்திகையிலேயே வெளியிடும் நிகழ்ச்சி நிரலும், நூலக அறிவிப்புப் பலகையும் மிச்சத்தைச் சொல்லும். ஆண்டுக்கு நான்கு நாள்களைக் குறித்துக்கொண்டால் நல்ல தொடக்கம்: ஆடியில் ஒரு கூழ், மார்கழியில் ஒரு மதியக் கச்சேரி, மாசியில் ஓர் ஆமை நடை, பங்குனியில் ஒரு மாட வீதி. கூட ஒரு குழந்தையையும் அழைத்துப் போக வேண்டும். பூம்பாவைக்கு எடுத்துச் சொல்ல மயிலையில் ஒரு சம்பந்தர் இருந்தார். அடுத்த தலைமுறைக்குச் சொல்ல இந்த ஊரில் நாம்தான் இருக்கிறோம்.