மாம்பலம் கால்வாய், அடையாறுக்கு ஒதுக்கும் கோடிகள்: அது யார் பணம்? தூர் வார மட்டும் காசு இல்லாதது ஏன்?

சென்னை:

ஐப்பசி பிறந்தாலே தி.நகர், மேற்கு மாம்பலம், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் மக்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். வானம் கறுத்தால் கட்டிலுக்கு அடியில் செங்கல் வைப்பார்கள். பிரிட்ஜை மேஜை மேல் ஏற்றுவார்கள். கடைக்காரர்கள் ஷட்டர் ஓரத்தில் மணல் மூட்டை அடுக்குவார்கள்.

இன்னொரு பக்கம் 'அடையாறு சீரமைப்புக்கு இத்தனை கோடி', 'மழைநீர் வடிகாலுக்கு இத்தனை கோடி' என்று அடிக்கடி செய்தி வருகிறது. 'இவ்வளவு கோடி வந்தும் எங்க தெருவுல ஏன் முழங்கால் தண்ணி?' என்று மக்கள் கேட்பது நியாயம்தான். அதற்கு பதில் தெரிய வேண்டும் என்றால், அந்தக் கோடிகள் யார் பையில் இருந்து வருகின்றன, என்ன நிபந்தனையோடு வருகின்றன என்று பார்க்க வேண்டும். அதுபற்றிய விவரம் வருமாறு:-

ஏரி மேல் எழுந்த தி.நகர்

முதலில் ஒரு பழைய கதை. இன்றைக்கு ஜவுளிக்கடையும் நகைக்கடையுமாக ஜொலிக்கும் தி.நகர் ஒரு காலத்தில் பெரிய ஏரி. வெள்ளைக்காரர்கள் அதை 'லாங் டேங்க்' என்று அழைத்தார்கள். நுங்கம்பாக்கம் பக்கம் தொடங்கி சைதாப்பேட்டை பக்கம் வரை நீண்டு கிடந்த நீர்ப்பரப்பு அது. 1920-களில் அந்த ஏரித் தண்ணீரை வடித்துவிட்டு மனை போட்டார்கள். நீதிக்கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராயர் பெயரில் தியாகராய நகர் உருவானது. மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' என்று ஒரு தெரு இன்றும் உண்டு. லேக் போய்விட்டது, பெயர் மட்டும் மிச்சம். 1976-ம் ஆண்டு திறந்த வள்ளுவர் கோட்டமும் ஏரி இருந்த இடத்தில்தான் நிற்கிறது.

ஏரியை மூடலாம். ஆனா மழைத்தண்ணீருக்கு அது தெரியாதே. பழைய பள்ளத்தைத் தேடி அது வந்துகொண்டேதான் இருக்கிறது. அதை வெளியேற்றும் முக்கிய வழி மாம்பலம் கால்வாய். வள்ளுவர் கோட்டம் பக்கத்தில் இருந்து தி.நகரைக் குறுக்கே கடந்து, சி.ஐ.டி. நகர், நந்தனம் வழியாக அடையாற்றில் போய் விழுகிறது. நீளம் சுமார் 5½ கிலோமீட்டர். இந்த ஒரு கால்வாய் அடைத்தால் தி.நகர் மூழ்கிவிடும்.

பணம் வரும் பைகள்

கால்வாய், ஆறு, சதுப்பு நிலத்துக்கு வரும் பணம் ஒரே இடத்தில் இருந்து வருவதில்லை. அதில் சில மானியம், திருப்பித் தர வேண்டாம். சில கடன், வட்டியோடு கட்ட வேண்டும். பேப்பரில் இரண்டுமே 'நிதி' என்றுதான் வரும். மக்கள் குழம்புவது இங்கேதான்.

மத்திய அரசின் மானியத்துக்கு பழைய உதாரணம் தேசிய நதிப் பாதுகாப்புத் திட்டம். 2000-ம் ஆண்டு வாக்கில் சென்னை நீர்வழிகளுக்காக சுமார் 491 கோடி ரூபாய் திட்டம் வந்தது. பெரும்பங்கு பாதாளச் சாக்கடைக் குழாய்களுக்கும், பெருங்குடி, நெசப்பாக்கம் போன்ற இடங்களின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களுக்கும் போனது. அது தேவையான வேலைதான். ஆனா அது சாக்கடைக்கான பணம். தெருவில் நிற்கும் மழைத்தண்ணீருக்கு அதில் வழி கிடையாது.

அடுத்து ஸ்மார்ட் சிட்டி. 2016-ம் ஆண்டு ஜனவரியில் அறிவித்த முதல் 20 நகரங்களின் பட்டியலிலேயே சென்னை இடம் பிடித்தது. முக்கியமாகத் தேர்வான பகுதி தி.நகர். ஒரு நகரத்துக்கு மத்திய அரசு 500 கோடி ரூபாய் தரும், மாநில அரசும் அதே அளவு போட வேண்டும் என்பது ஏற்பாடு. பாண்டி பஜார் நடைபாதை வளாகம் 2019-ல் திறக்கப்பட்டது. மாம்பலம் கால்வாயை அழகுபடுத்தும் வேலையும் இந்தத் திட்டத்தில்தான் எடுக்கப்பட்டது.

2021 நவம்பரில் நடந்ததை தி.நகர் மக்கள் மறக்க மாட்டார்கள். அடித்த மழையில் ஜி.என்.செட்டி ரோடு, விஜயராகவா ரோடு எல்லாம் தண்ணீரில் மிதந்தன. கால்வாய் வேலைக்காகப் போட்ட மண்ணும் இடிபாடுகளும் உள்ளேயே கிடந்து தண்ணீரை மறித்துவிட்டன என்று அப்போது புகார் கிளம்பியது. அழகுபடுத்த வந்த பணம் அடைப்புக்குக் காரணமாகிவிட்டதா என்று சட்டசபை வரை பேச்சு போனது. ஸ்மார்ட் சிட்டி பணிகளை விசாரிக்க ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி டேவிதார் தலைமையில் ஒரு நபர் குழுவை அரசு அமைத்தது. வெள்ளத்தடுப்புக்கு யோசனை சொல்ல ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி திருப்புகழ் தலைமையில் தனிக் குழு அமைக்கப்பட்டது. அதன் பிறகுதான் தி.நகர் பகுதியில் புதிய வடிகால்கள் வேகம் எடுத்தன. ஸ்மார்ட் சிட்டி இயக்கம் 2025 மார்ச் 31-ந் தேதியோடு முடிந்துவிட்டது. அந்தப் பையில் இனி எதிர்பார்க்க ஒன்றும் இல்லை.

மிச்சாங் புயலுக்குப் பின் வந்த 500 கோடி

2023 டிசம்பரில் மிச்சாங் புயல் சென்னையைப் புரட்டிப் போட்டது. புயல் போன சில நாட்களிலேயே, டிசம்பர் 7-ந் தேதி, மத்திய அரசு ஒரு அறிவிப்பு வெளியிட்டது. சென்னை வடிநிலப் பகுதி வெள்ளத்தடுப்புக்கு ரூ.561 கோடியே 29 லட்சம். இதில் மத்திய அரசின் பங்கு 500 கோடி, மீதி மாநில அரசின் பங்கு.

இது புயல் நிவாரணம் இல்லை. தேசிய பேரிடர் தணிப்பு நிதி என்ற தனிக் கணக்கு. வெள்ளம் வந்த பிறகு அரிசியும் பாயும் கொடுக்கும் பணம் வேறு. வெள்ளம் வராமல் தடுக்க முன்கூட்டியே செலவழிக்கும் பணம் இது. 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு 15-வது நிதிக்குழு 7 நகரங்களுக்கு 2,500 கோடி ரூபாய் பரிந்துரைத்தது. சென்னை, மும்பை, கொல்கத்தாவுக்கு தலா 500 கோடி. பெங்களூரு, ஐதராபாத், ஆமதாபாத், புனேவுக்கு தலா 250 கோடி. அதாவது புயல் அடித்ததால் இரக்கப்பட்டு கொடுத்தது கிடையாது. சென்னைக்கு என்று ஏற்கனவே எழுதி வைத்திருந்த பங்குதான்.

இனி கடன். வடசென்னை கொசஸ்தலையாறு பகுதி வடிகாலுக்கு ஆசிய வளர்ச்சி வங்கி, தென்சென்னை கோவளம் வடிநிலப் பகுதிக்கு ஜெர்மனியின் கே.எப்.டபிள்யூ. வங்கி. கடன் என்றால் வங்கி சொல்லும் வரைபடப்படி, வங்கி ஒப்புக்கொண்ட அளவில்தான் வேலை. கிழக்கு கடற்கரை சாலையில் இதனால் ஒரு சிக்கல் வந்தது. 'எங்க பகுதி கடற்கரை மணல், மழைத்தண்ணியை தானே குடிச்சிடும், அதைக் குழாய் போட்டு கடலில் விடுவது எதற்கு?' என்று குடியிருப்போர் சங்கத்தினர் எதிர்ப்பு தெரிவித்து பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். வடிகால் எல்லா இடத்துக்கும் ஒரே மருந்து இல்லை என்பது அப்போதுதான் பலருக்கும் உறைத்தது. 2024-ல் கிண்டி ரேஸ் கிளப் இடத்தில் மாநகராட்சி குளம் வெட்டியதும் இதே கணக்குதான். தண்ணீரை ஓட விடாமல் அங்கேயே தேக்குவது.

கட்ட காசு உண்டு, கழுவ காசு?

மேலே சொன்ன எல்லாப் பணத்துக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. எல்லாம் புதிதாகக் கட்டுவதற்கு. சுவர், வடிகால், மதகு, பூங்கா. திறப்பு விழா, கல்வெட்டு எல்லாம் அதற்குத்தான். ஆனா வருடா வருடம் கால்வாயில் இறங்கி பிளாஸ்டிக்கும் சகதியும் அள்ளுவது யார்? அது மாநகராட்சியின் சொந்தக் காசு, அதாவது நாம் கட்டும் சொத்து வரியும் மாநில அரசு தரும் பங்கும். கட்டுவதற்கு டெல்லி தரும், கழுவுவதற்கு ரிப்பன் மாளிகைதான் தேட வேண்டும்.

இதிலும் எல்லைத் தகராறு. மாம்பலம் கால்வாய் மாநகராட்சிக்கு. அது போய்ச் சேரும் அடையாறு நீர்வளத்துறைக்கு. மயிலாப்பூரை ஒட்டி, பறக்கும் ரயில் தூண்களைச் சுமந்துகொண்டு ஓடும் பக்கிங்காம் கால்வாயும் நீர்வளத்துறைக்குத்தான். அதில் கலக்கும் கழிவுநீரைக் கேட்டால் மெட்ரோ வாட்டர். கபாலீஸ்வரர் கோவில் குளம் அறநிலையத்துறை. ஒரே மழைத்தண்ணீர், நாலு ஆபீஸ் கதவு. மாநகராட்சி கால்வாயைச் சுத்தமாக வாரினாலும், பட்டினப்பாக்கம் சீனிவாசபுரம் அருகே அடையாறு முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு அடைத்தால் தண்ணீர் திரும்பி வரும். அந்த மணலை அள்ளுவது இன்னொரு துறையின் இன்னொரு டெண்டர்.

உருப்பட்ட 58 ஏக்கர்

பணம் வந்து உருப்பட்ட இடமும் இதே பகுதியில் இருக்கிறது. அடையாறு உப்பங்கழியில் 58 ஏக்கர் இடம் குப்பையும் கட்டிட இடிபாடும் கொட்டும் இடமாகக் கிடந்தது. அதை மீட்க 2006-ல் அடையாறு பூங்கா டிரஸ்ட் என்று ஒரு அமைப்பை மாநில அரசு தொடங்கியது. குப்பையை அள்ளி, தண்ணீர் வந்து போக வழி வெட்டி, நம்ம மண்ணுக்கு உரிய மரங்களை நட்டார்கள். 2011 ஜனவரியில் அப்போதைய முதல்-அமைச்சர் கருணாநிதி 'தொல்காப்பியப் பூங்கா' என்று பெயரிட்டு திறந்து வைத்தார். இன்று அங்கே அலையாத்தி செடியும் பறவைகளும் இருக்கின்றன.

இதற்கு மட்டும் எப்படி சரிப்பட்டது? திறப்பு விழாவோடு டிரஸ்டைக் கலைக்கவில்லை. பார்த்துக்கொள்ள ஆளும் கணக்கும் தொடர்ந்தது. அந்த டிரஸ்ட்தான் பிறகு சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை என்று பெயர் மாறி, கூவம், அடையாறு திட்டங்களையும் கவனிக்கிறது. இதற்கு நேர் எதிரான அனுபவமும் சென்னைக்கு உண்டு. 1970-களில் கூவத்தைச் சுத்தம் செய்து படகு விட்டார்கள், படகுத்துறை கட்டினார்கள். பிறகு என்ன ஆனது என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு பாலம் கடப்பவர்களுக்குத் தெரியும்.

கரையில் இருந்தவர்கள்

அடையாறு முழுவதையும் சீரமைக்க ரூ.555 கோடியே 46 லட்சம் மதிப்பில் திட்டம் போடப்பட்டது. பல துறைகள் சேர்ந்து செய்யும் திட்டம் இது. கரையோரக் குடும்பங்களை வேறு இடத்துக்கு மாற்றுவதும் இதில் ஒரு பகுதி. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை கரையில் இருந்த ஏராளமான குடும்பங்கள் பெரும்பாக்கம் குடியிருப்புக்குப் போயின. கான்கிரீட் வீடு கிடைத்தது உண்மை. ஆனா கோட்டூர்புரத்திலும் தி.நகரிலும் வீட்டு வேலை செய்த பெண்களுக்கு பஸ் பயணமே பாதி நாளைத் தின்றுவிட்டது. ஆற்றை மீட்கும் பணத்தில் அவர்கள் பிழைப்புக்கு எவ்வளவு என்று கேட்டால், திட்ட அறிக்கையில் அந்தப் பத்தி மெலிசாகத்தான் இருக்கும்.

மக்கள் கையில் என்ன இருக்கிறது?

சின்ன வேலைகளுக்கு மக்களே பணம் கேட்க வழி உண்டு. 'நமக்கு நாமே' திட்டம் 2021-ல் நகர்ப்புறங்களுக்கு மீண்டும் வந்தது. பொதுவான வேலைகளுக்கு மூன்றில் ஒரு பங்கை மக்கள் அல்லது சங்கம் போட்டால் மீதியை அரசு போடும். பணக்கார காலனி சங்கங்களுக்கு இது சுலபம். குடிசைப்பகுதி மக்கள் மூன்றில் ஒரு பங்குக்கு எங்கே போவார்கள்? அவர்களுக்கு எம்.எல்.ஏ., எம்.பி., கவுன்சிலர் நிதிதான் கதி. எம்.பி. ஒருவருக்கு வருடத்துக்கு 5 கோடி ரூபாய் தொகுதி நிதி உண்டு.

சென்னையின் 200 வார்டுகளிலும் ஏரியா சபை கூட்டம் நடத்த 2022-ல் விதி வந்தது. தெருவில் எந்த வடிகால் அடைத்திருக்கிறது, கடைசியாக எப்போது தூர் வாரினார்கள் என்று அங்கே கேட்டு மினிட்ஸ் புத்தகத்தில் எழுத வைக்கலாம். எந்த நிதி, எவ்வளவு, காண்டிராக்ட் எந்தத் தேதியில் முடிய வேண்டும் என்று தெரிய வேண்டுமா? தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். மனுவில் 'என் தெரு வடிகால்' என்று மட்டும் எழுதினால் ஒரு ஆபீசில் இருந்து இன்னொரு ஆபீசுக்கு பந்தாடுவார்கள். கால்வாய் பெயர், வார்டு எண், எந்த ரோட்டில் இருந்து எந்த ரோடு வரை என்று எழுதி, வேலை முடிந்த பிறகு பராமரிப்புக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறது என்பதையும் தனிக் கேள்வியாகச் சேர்க்க வேண்டும். மனுவை ஆடியிலேயே போட்டுவிட்டால் பதில் மழைக்கு முன்னால் கைக்கு வரும்.