ஒழுங்கின்மையின் உள்ளமைப்பு: இரும்பு–போறன் கலப்புலோகம் பற்றிய ஒரு குறிப்பு

நமது இலக்கிய விவாதங்களில் ‘ஒழுங்கு’, ‘குழப்பம்’ என்னும் சொற்கள் ஒன்றையொன்று முற்றாக விலக்குவனவாகவே கையாளப்பட்டு வந்துள்ளன. சடப்பொருளின் இயல்பு இப்பிரிவினைக்கு இடமளிப்பதில்லை. நூற்றுக்கு 80 இரும்பணுக்களும் 20 போறன் அணுக்களும் கொண்ட கலப்புலோகத்தை உருக்கி, வேகமாகச் சுழலும் செப்புச் சக்கரத்தின்மீது பீய்ச்சினால், அது விநாடிக்கு ஏறத்தாழப் பத்து இலட்சம் பாகை வீதத்திற் குளிர்ந்து மெல்லிய நாடாவாகிறது. பளிங்காக அடுங்குவதற்கு அணுக்களுக்கு அவகாசம் கிடைப்பதில்லை. இந்நிலை உறுதியானதன்று, ஆயினும் உடனே குலைவதுமன்று. சில நூறு பாகைக்குச் சூடாக்கினாலன்றி அது பளிங்காவதில்லை. இதனையே சிற்றுறுதி நிலை என்பர்.

இதன் அமைப்பினை விளங்கிக்கொள்ள முதலில் வழிகாட்டியவர் மார்க்சிய விஞ்ஞானியான ஜே. டி. பேர்னால். திரவங்களின் அமைப்பை ஆராய்ந்த அவர், 1959 முதல் 1964 வரை வெளியிட்ட கட்டுரைகளில், சமபருமனுள்ள கோளங்களின் ஒழுங்கற்ற அடுக்கினைக் கேத்திர கணித நோக்கில் விளக்கினார். நற்பிட்டிமுனையில் நெல்லளக்கும் மரைக்கால் ஒன்றிற் புன்னங்காய்களைக் கொட்டிக் குலுக்கினால் அவ்வடுக்கினைக் கண்ணாற் காணலாம். முறையாக அடுக்கிய கோளங்கள் இடத்தில் நூற்றுக்கு 74 பங்கை நிரப்பும். குலுக்கி நிரப்பியவை ஏறத்தாழ 64 பங்கையே நிரப்பும். எவ்வளவு குலுக்கினும் இவ்வெல்லை பெரிதும் மாறுவதில்லை. தற்செயலுக்கும் ஓர் அளவுண்டு போலும்!

1970இல் போல்க் என்பவர், இவ்வடுக்கின் இடைவெளிகளிற் போறன் போன்ற சிறிய அணுக்கள் அமர்கின்றன என்றார். கவர்ச்சியான கருத்துத்தான், எனினும் அவ்விடைவெளிகள் போதிய அளவு பெரியனவல்ல. போறன் வெறும் இடைச்செருகலாயின் அயலிலுள்ள இரும்பணுக்களின் அடுக்கை அது மாற்றியமைக்க வேண்டியதில்லை. உண்மையில் மாற்றுகிறது. 1970களின் இறுதியிற் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த காஸ்கெல் முன்வைத்த மாதிரியின்படி, ஆறு இரும்பணுக்கள் முக்கோண அரியமொன்றின் உச்சிகளில் நிற்க, நடுவே போறன் இருக்கிறது. அரியத்தின் மூன்று பக்கங்களுக்கு வெளியே மேலும் மூன்று இரும்பணுக்கள் உள்ளன. Fe₃B என்னும் பளிங்குச் சேர்வையிலும் இத்தகைய அயலமைப்பே காணப்படுகிறது. அச்சேர்வையும் சிற்றுறுதியுடையதே என்பது சுவையான செய்தி.

1981இல் எக்ஸ் கதிர், நியூத்திரன் சிதறல் அளவீடுகளின் துணைகொண்டு இரும்பு–இரும்பு, இரும்பு–போறன், போறன்–போறன் சோடிகள் வேறுபிரித்து ஆராயப்பட்டன. போறனைச் சுற்றி ஏறத்தாழ ஒன்பது இரும்பணுக்கள் உள்ளமையும், இரு போறன் அணுக்கள் அயலயலே அமைவதைத் தவிர்ப்பதும் தெளிவாயின. அதாவது, தூரத்திற் குழப்பம், அயலில் விதி. இதனை இயங்கியலுக்குச் சான்றென உடனே முழங்க முற்படும் நண்பர்களுக்கு ஒன்று கூறலாம்: விதியை இங்கே நிலைநாட்டியது அளவீடே, மேற்கோளன்று.

இந்தியாவில் இவ்வாய்வு பிந்தி வந்ததன்று. உருகுநிலையிலிருந்து விரைந்து குளிர்வித்தல் பற்றி வாரணாசியிலிருந்து அனந்தராமனும் சூரியநாராயணாவும் எழுதிய விரிவான மதிப்பீடு 1971இலேயே வெளிவந்தது. ஆனால் பயன் வேறு திசையிற் சென்றது. பேர்னாலின் கேத்திர கணிதம் யாவர்க்கும் பொதுவாக அச்சேறியது. உலோகக் கண்ணாடிகளுக்கான காப்புரிமையோ 1974இல் அமெரிக்காவின் அலைட் கெமிக்கல் நிறுவனத்தைச் சேர்ந்தது. இரும்பு, போறன், சிலிக்கன் சேர்ந்த நாடாவால் அகணி செய்யப்பட்ட நிலைமாற்றிகளில், மின்சுமை இல்லாத வேளையில் வீணாகும் சக்தி வழக்கமான சிலிக்கன் உருக்கில் ஏற்படுவதன் மூன்றிலொரு பங்களவுக்குக் குறைகிறது. இரவெல்லாம் விழித்திருக்கும் கிராமத்து நிலைமாற்றிகளில் இவ்விழப்பே பெரிது.