மலைத் தோட்டத்தில் பம்பு: உயரமும் அழுத்தமும்

குந்தா வட்டாரத்தில் உறைபனிக் காலம் முடியும் தறுவாயில் புல்லும் புதரும் காய்ந்து, தீப்பிடிக்கும் காலம் தொடங்கிவிடுகிறது. 2024 மார்ச்சில் குன்னூர் அருகே பரவிய காட்டுத் தீயை அணைக்க விமானப்படை ஹெலிகாப்டர் நீரை மொண்டு சென்று ஊற்ற வேண்டியிருந்தது. இதே மாதங்களில்தான் கேரட், உருளைக்கிழங்கு, பூண்டுப் பயிர்களுக்கு ஓடை நீரை மேலேற்ற வேண்டியுள்ளது. தீயணைப்பு வண்டியின் பம்புக்கும் தோட்டத்துப் பம்புக்கும் கணக்கு ஒன்றே. அக்கணக்கை அறியாமல் பெரிய மோட்டாரை வாங்கிவிட்டு, "தண்ணீர் ஏறவில்லை" என்று வருந்தும் விவசாயிகள் உண்டு.

உறிஞ்சும் உயரம்: பம்பு தண்ணீரை இழுப்பதில்லை. பம்பினுள் வெற்றிடம் ஏற்படும்போது வெளிக்காற்றின் அழுத்தமே நீரைக் குழாய்க்குள் தள்ளுகிறது. கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம் 10.3 மீட்டர் உயர நீரைத் தாங்கும். சுமார் 2,000 மீட்டர் உயரத்திலுள்ள மஞ்சூர், எமரால்டு பகுதிகளில் காற்று மெலிந்திருப்பதால் இது 8 மீட்டர் அளவுக்குக் குறைகிறது. ஆகவே சமவெளியில் 6 மீட்டர் ஆழத்திலிருந்து நீர் எடுக்கும் பம்பு, இங்கே 4 மீட்டருக்கு (13 அடி) மேல் எடுக்கத் திணறும். குதிரைத்திறனைக் கூட்டினாலும் இது மாறாது. பம்பை ஓடையருகே, வெள்ளம் எட்டாத மேடையில், இறக்கி வைப்பதே வழி. புட்வால்வும் இணைப்புகளும் காற்றுப் புகாமல் இருக்க வேண்டும்.

அழுத்தக் கணக்கு: 10 மீட்டர் உயரம் நீரை ஏற்ற, சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அழுத்தம் தேவை. ஓர் உதாரணம் பார்ப்போம். விநாடிக்கு 3 லிட்டர் நீர் வேண்டும். குழாய் 2 அங்குலம், நீளம் 100 மீட்டர்.

ஓடையிலிருந்து பம்பு வரை 3 மீட்டர்
பம்பிலிருந்து தோட்டம் வரை (செங்குத்து உயரம்) 30 மீட்டர்
குழாய் உராய்வு 5 மீட்டர்
வால்வு, வளைவுகள் 2 மீட்டர்
தெளிப்பானுக்கு 2.5 கிலோ, அதாவது 25 மீட்டர்
மொத்தம் 65 மீட்டர், அதாவது 6.5 கிலோ

லிட்டரை மீட்டரால் பெருக்கி 75-ஆல் வகுத்தால் (3 x 65 ÷ 75) 2.6 குதிரைத்திறன் வரும். பம்பின் திறன் 55 சதவீதம் என்றால், தேவைப்படுவது 5 குதிரைத்திறன் மின்மோட்டார். டீசல் என்ஜினானால், இந்த உயரத்தில் அதன் சக்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவதால், 6½ குதிரைத்திறனாவது வேண்டும். பம்பை ஒட்டிய கீழ்ப்பகுதியில் அழுத்தம் 6 கிலோவாக இருக்குமாதலால், அங்கு 10 கிலோ தாங்கும் குழாயே பதிக்க வேண்டும். 2½ அங்குலக் குழாய் போட்டால் உராய்வு 2 மீட்டருக்கும் கீழே குறையும்.

தீயணைப்புக்கு: வண்டியின் பம்பு 7 கிலோ அழுத்தத்தில் ஓடுவதாகக் கொள்வோம். சாலைக்கு 30 மீட்டர் மேலுள்ள வீட்டுக்கு ஹோஸ் கொண்டு சென்றால் உயரத்துக்கே 3 கிலோ செலவாகும். ஹோஸ் உராய்வுக்கு 1 கிலோ போக, நுனியில் கிடைப்பது 3 கிலோதான். ஹோஸின் நீளம் கூடக்கூட இதுவும் குறையும். வண்டி ஓடையிலிருந்து நீர் எடுக்கவும் மேற்சொன்ன உறிஞ்சும் அளவே பொருந்தும். சாலையிலிருந்து 4 மீட்டருக்கு மேல் ஆழத்திலுள்ள நீர் அவசரத்துக்கு உதவும் என்று நம்பியிருக்க முடியாது.

ஆகையால் பண்ணைக் குட்டை வெட்டும் விவசாயிகள், இயன்றவரை வண்டி வந்து நிற்கக்கூடிய சாலையோரமாக, கோடையிலும் நீர்மட்டம் 4 மீட்டருக்குக் கீழே போகாத இடத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. பயிருக்கு வெட்டிய குட்டை, தீ வந்தால் ஊரையும் காக்கும். பம்பு வாங்கும் முன் ஓடை முதல் தோட்டம் வரை உயரத்தை அளந்து, மேற்கண்ட கணக்கைப் போட்டுப் பார்த்தால் வீண் செலவைத் தவிர்க்கலாம்.